டர்ஹாம்: போய்வரச் சீட்டு

டார்லிங்டனில் ஏறும்போதே மழை.
சலுகைச் சீட்டு ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும்;
9.04க்காக நின்றோம்,
நான்கு நிமிட நாணயத்தோடு.

கீத் வழிகாட்டிப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டே வந்தான்:
தொள்ளாயிரம் ஆண்டுகள்,
தூணின் உயரமும் சுற்றளவும் ஒரே அளவு.
கேலம் கண்ணாடியில் ஊதி
ஒரு திமிங்கலம் வரைந்தான்.

பிறகு பாலம்.
பெட்டி முழுக்க வலப்புறம் திரும்பியது,
பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பையன்கூட.
கூரைகளுக்கு மேலே பேராலயம் நின்றது,
எவ்வளவு நனைந்தாலும்
படுக்க மறுக்கும் பசு மாதிரி.

அப்போதுதான் கேலம் வாந்தி எடுத்தான்.
என் மடியில், கோட்டில்,
கீத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டு முழுவதிலும்.
நான் அவனிடம் ஒன்று சொன்னேன்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

மலையடியில் ஒரு சலவைக் கடை. சில்லறை மட்டும்.
கீத் தன் மழைச்சட்டையை எனக்குத் தந்துவிட்டு
சில்லறை தேடிப் போனான்,
நாற்பது நிமிடம்.
படகுக் குழு மாணவர்கள் இருவர்
ஊதாக் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.
துடுப்புக்கு எட்டுப் பேர், சுக்கானுக்கு ஒருத்தி.
எண்ணினார்கள். திரும்ப எண்ணினார்கள்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் முரியல்
கேலமுக்கு இஞ்சி பிஸ்கட் கொடுத்தாள், வயிற்றுக்கு நல்லதாம்.
"மேலே கோயில் கதவில் ஒரு வளையம் இருக்கு.
அந்தக் காலத்துல கொலைகாரன்கூட
அதைப் பிடிச்சுட்டா
முப்பத்தேழு நாள் யாரும் தொடக்கூடாது."
"அப்புறம்?"
"அப்புறம் கப்பலேறி நாட்டை விட்டுப் போகணும்."

கேலம் பிஸ்கட்டைத் தின்று முடித்தான்.
எழுந்து போய்
உலர்த்தும் இயந்திரத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.
இயந்திரம் அதிர, அவன் தோளும் அதிர்ந்தது.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
விடு, சுடும் என்றேன்.
விடவில்லை.
நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.
உள்ளே என் கோட்டு
யாரோ விழுந்து விழுந்து எழுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

நண்பகலுக்குள் அவனுக்குக் காய்ச்சல்.
மலையேறவில்லை. 12.40.
திரும்பும்போது இடப்புறம் என்று
கீத் கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தான்;
பாலம் வந்தபோது தூங்கிவிட்டிருந்தான்.

வீட்டில் கோட்டை மாட்டினேன்.
கைக்குள் ஏதோ தடுத்தது:
ஓர் ஊதாக் காலுறை, இன்னும் லேசான சூட்டோடு,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
நாளை விடிகாலை வியர் ஆற்றில்
யாரோ ஒருவர்
ஒரு கால் வெறுமையாய்த் துடுப்புப் போடுவார்.