இரண்டு புள்ளி

மகப்பேறு வார்டு, மூன்றாம் மாடி.
கதவுக்கொரு குறி கேட்டிருந்தார்கள்:
தாய், கையில் பிள்ளை.

தாய் முடிந்தது. கோட்டின் கனம் இரண்டு புள்ளி.
அவளையே நகலெடுத்துக்
கால்வாசியாய்ச் சுருக்கினேன், பிள்ளைக்கு.
உருவத்தோடு கோடும் மெலிந்து
பிள்ளை
மாவில் விழுந்த முடியாய்க் கிடந்தது.

"ரெண்டும் ரெண்டு கை வரைஞ்ச மாதிரி இருக்கு"
ஜெலுத்தோங்கிலிருந்து ஊய் குரல் அனுப்பினார்.
அவருடைய வினைல் கத்தி
அவ்வளவு மெல்லிசில் நிற்காதாம்.

உருவம் சுருங்கினாலும் கோடு சுருங்க வேண்டாம் என்று
ஒரு கட்டத்தில் டிக் போட்டேன்.
இப்போது இருவருக்கும் ஒரே கனம்.
ஆனால் தலைவட்டத்தின் உள்வெளி அடைத்துக்கொண்டது.
முகமிருந்த இடத்தில் ஒரு மிளகு.

மணி பதினொன்று. கோப்பி-ஓ ஆறிவிட்டது.
பாலத்து விளக்குகளை மழை கரைத்துக்கொண்டிருந்தது.
வட்டத்தை மட்டும் இழுத்தேன்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
தோளைவிட அகலமாய்த் தலை.
விகிதம் போச்சு.

அழிக்கப் போன விரல் நின்றது.
நளாயினியின் மகன், பிறந்த மறுநாள்,
இதே வார்டில்
இப்படித்தான் கிடந்தான்,
உடம்பெல்லாம் தலையாக.

சேமித்து அனுப்பினேன்.
கழுத்து எங்கே என்று கேட்கிறார் ஊய்.