பத்து மைல்

கதவைத் திறங்கள் என்றாள் ஷான்டெல் லாமேர்.
ஓட்டுநர் பக்கம், கீலுக்கு அருகே,
வெயில் தின்றது போக மிச்சமிருந்த ஒரு சீட்டு.
எச்சில் தொட்டுத் துடைத்தாள்:
265, சாய்கோடு, 75, ஆர், 16.
"வண்டி பிறந்தபோது போட்டிருந்த செருப்பளவு."
பிறகு குனிந்து
டயரின் கன்னத்துச் சேற்றைக் கட்டைவிரலால் வழித்தாள்.
245.

நான் கேட்க வந்தது
நான்கு டயர் என்ன விலை,
எத்தனை மணிக்கு முடியும், அவ்வளவுதான்.
நாளை மறுநாள் பனி என்கிறது ரேடியோ.
இரண்டு கிடாரிகளோடு
கிரேட் ஃபால்ஸ் சந்தைக்குப் போகவேண்டும்.

அவள் விடுவதாக இல்லை.
முதல் எண் அகலம், மில்லிமீட்டரில்.
கடைசி எண் உள்ளிருக்கும் இரும்பு வளையம், அங்குலத்தில்.
நடுவில் இருப்பது உயரம்;
அதுவும் நேராகச் சொல்லாத உயரம்,
அகலத்தில் நூற்றுக்கு இத்தனை என்று.
"இரண்டிலும் எழுபத்தைந்துதானே போட்டிருக்கிறது,
ஒன்றுதானே?" என்றேன்.
"எதில் எழுபத்தைந்து?" என்றாள்.

ஒல்லி டயர் குள்ளம்.
குள்ளமானது அதிகம் சுற்றும்.
மைல்மானி சாலையைக் கண்டதே இல்லை,
அச்சு சுற்றுவதை எண்ணிக்கொண்டு
இருட்டில் கிடக்கிறது.
தொண்ணூற்றாறு ஓடியதும்
நூறு என்று சொல்லிவிடும்.

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஹாவ்ரேயிலிருந்து போய்வர இருநூற்று முப்பது.
டீசல் கணக்குக்காக எழுதிவைப்பேன்.
ஓர் ஏப்ரலில் அது இருநூற்று நாற்பது ஆனது.
அதன் பிறகு வியாழன்தோறும் நாற்பது.

பத்து மைல் எங்கே போனாய் டெல்மர்?
முதலில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.
பிறகு அவன் தங்கை முன்னால்.
எங்கேயும் இல்லை என்றான் முதல் வருடம்.
இரண்டாம் வருடம் அதையும் சொல்லவில்லை.
ஒருநாள் அக்காவின் காரை வாங்கிக்கொண்டு
நெடுஞ்சாலையிலிருந்து ஐந்து மைல் உள்ளே போய்ப் பார்த்தேன்:
ஒரு தானியக் கிடங்கு,
நீலத் திரை போட்ட ஒரு வீடு.
அந்தத் திரையை ஒரு வருடம் வெறுத்தேன்.
பாவம், யார் வீடோ.

மூன்றாம் வருடம்
டிரக் சாவியை மேசையில் வைத்துவிட்டு
யாரோ ஒருவர் வண்டியில் ஏறி
வில்லிஸ்டன் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்விட்டான்.

ஏப்ரல்.
யாரோ செத்துப்போய் ஏலத்துக்கு வந்த பண்ணைச் சாமான்களில்
நான்கு டயர் மலிவாகக் கிடைத்தது என்று
சந்தோஷமாக உருட்டிக்கொண்டு வந்தான்.
அளவு சரியா என்று கேட்டேன்.
கிட்டத்தட்ட என்றான்.
நானும் கேட்டுக்கொண்டேன். கன்றுக்குட்டி விலை
அந்த வருடம் அப்படி விழுந்து கிடந்தது.

ஷான்டெல் எனக்காகக் கால்குலேட்டரைத் தட்டினாள்.
இருநூற்று முப்பத்தொன்பது வரை வருகிறது.
"மீதி ஒன்று?"
"தேய்மானமாக இருக்கும்," என்றாள்,
யாருடைய மைல் என்று தெரியாமலே.
இருக்கலாம்.
அல்லது ஒரு காபி, சாலையோரம், தனியாக.
அந்த ஒன்றை நான் கேட்கப்போவதில்லை.

245 கையிருப்பில் உண்டு, இப்போதே மாட்டலாம்.
265 நாளை மதியம்தான் வரும்.
விலையும் கூட.
காத்திருக்கிறேன் என்றேன்.
சுமைக்கு 'ஈ' என்று போட்டதாகப் பார்த்து
எழுதிக்கொண்டாள்.
ஈ என்றால் கொடு.
இங்கே, தாங்கு.

"புதிது போட்டால் சரியாகச் சொல்லுமா?"
"புதிதில் சொல்லும்.
தேயத் தேயக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்,
எல்லா வண்டியும் அப்படித்தான்."

கழற்றிய நான்கையும் என்ன செய்ய என்று கேட்டாள்.
பின்னால் ஏற்றிவிடு என்றேன்.
பணம் எண்ணும்போது, சும்மா கேட்பதுபோல்,
"இங்கிருந்து வில்லிஸ்டன் எத்தனை மைல்?"

"எந்த டயரில்?" என்றாள்.