ஏழு கம்பி

மாடியறையில் குடியிருக்கும் எர்மினியோ
என்னைக் கதையாக எழுதிவிட்டான்.
ஃபோஸ்காதான் பத்திரிகையைக் கொண்டுவந்தாள்.
மீன் சுற்றின தாள் அல்ல, காசு கொடுத்து வாங்கியது.

என் பெயர் இல்லை. 'அவள்' மட்டும்.
திரியெஸ்தே துறைமுகத் தெருமுனையில்
போரா காற்று அவள் குடையைப் பிடுங்கிப் புரட்டுகிறது.
அவ்வளவுதான் கதை.
பதினொரு பக்கம்.

'என்று நினைத்தாள்' ஓரிடத்திலும் கிடையாது.
ஆனாலும் பாதி வரியில்
நடை திடீரென்று என் வாய்க்குள் நுழைந்துவிடுகிறது:
சனியன் பிடித்த காற்று, போன வாரம்தானே துணி மாற்றினேன்.
மேற்கோள் குறி இல்லை.
எங்கே அவன் முடிகிறான், எங்கே நான் தொடங்குகிறேன் என்று
விரல் வைத்துத் தேடினேன். தையல் தெரியவில்லை.
தையல்காரி நான், எனக்கே.

"குடை என்றால் குடும்பம்" என்றாள் ஃபோஸ்கா,
செதில் ஒட்டிய விரலால் வரியைத் தட்டி.
போடி, குடை என்றால் குடை.
இந்த ஊரில் போரா கிளம்பினால்
நோட்டரி குடையும்தான் மல்லாந்துபோகும்.

அதோடு, ஏழு கம்பி என்று எழுதியிருக்கிறான்.
எட்டு.
மூலையிலிருந்து எடுத்து எண்ணிக் காட்டினேன்.
ஒன்று வளைந்திருந்தாலும் கணக்கில் உண்டு.
அவள் சிரிக்கவில்லை.
"உனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம், நீவெஸ்?"
அடுப்பில் காபி பொங்கும் சத்தம். போய்ப் பார்த்தேன்.
பொங்கவில்லை.

இரவு மறுபடி படித்தேன்.
ஆறாம் பக்கத்தில், அவள் டிராமிலிருந்து இறங்கியதும்
அரை விரல் அகலத்துக்கு வெறும் தாள்.
அதற்குக் கீழே அவள் வீட்டில் இருக்கிறாள்,
குடை மூலையில் சொட்டுகிறது,
கடைசி வரை சொட்டுகிறது.

அந்த அரை விரலில்தான்
நான் கப்பல் கம்பெனி சன்னல் முன்னால் நின்றேன்.
அலெக்சாந்திரியா போனவர்கள் பட்டியல்.
சில்வானோ பெயருக்கு எதிரே அறை எண் பதினான்கு.
நாலு வரி தள்ளி, ஒரு பெண் பெயருக்கு எதிரே
பதினான்கு.
கண்ணாடியில் ஈரத்தைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

தெரியாமல் விட்டானா?

காலையில் படியிறங்கி வந்தான்,
காலர் தூக்கி, சுவரைப் பார்த்தபடி.
"இரண்டு மாத வாடகை பாக்கி" என்றேன்.
சட்டைப்பையைத் துழாவினான்.
"அப்புறம், குடையில் எட்டுக் கம்பி."

"தெரியும்" என்றான்.

சில்லறையை எண்ணாமல் மேசையில் வைத்துவிட்டு
வெறுந்தலையோடு மழையில் இறங்கினான்.
குடையை நீட்டியிருக்கலாம்.
கையில்தான் இருந்தது.