மிச்சக் கால்

சோமனூரில் தறிக்கூடத்துக்கு மேல்மாடி.
வாடகை குறைவு, அதிர்வு இலவசம்.
கிட்டுசாமியின் இருபத்துநாலு தறியும்
மேசைக்கால் வழியே ஏறிவந்து
சால்டரிங் அயர்ன் நுனியில் நடுங்கும்.

நான் செய்வது ஒரு துடிப்பு.
கெபாசிட்டர் மெல்ல நிறையும்.
டிரான்சிஸ்டர் தாங்கும் மட்டும் தாங்கி
தொண்ணூறு வோல்ட்டில் உடைந்து கொட்டும்.
பனிச்சரிவு என்று புத்தகத்தில் பெயர்.
பனியே பார்க்காத நான்
மடை உடைவதாக நினைத்துக்கொள்வேன்.

உடைகிற முகம் கூர்மை, வால்தான் நீளம்.
வாலை வெட்ட ஒரு கிளைத்தடம் போட்டேன்,
இரண்டரை சென்டிமீட்டர் செப்பு,
முனை தரையோடு சேர்த்து.
உள்ளே போன அலை முட்டி, தலைகீழாய்த் திரும்பி
தன் வாலைத் தானே தின்றுவிடும்.
மிஞ்சுவது முந்நூறு பிக்கோ நொடி.
ஒளியே அதற்குள்
ஒன்பது சென்டிமீட்டர்தான் போகும்.

அத்தனை குட்டித் துடிப்புக்கு
தனக்கென்று ஸ்டேஷன் கிடையாது.
எல்லா அலைவரிசையிலும் ஒரு சிட்டிகை தூவிப்போகும்,
எவர் வீட்டு ரேடியோவும் இரையாதபடி.
திருப்பூர் ரோட்டுக்கடியில்
எந்தச் சாயப்பட்டறைக் குழாய்
யாருக்கும் சொல்லாமல் ஆற்றுப்பக்கம் திரும்புகிறது என்று
அது போய்ப் பார்த்துவர வேண்டும்.

ஆனால் திரையில்
துடிப்புக்குப் பின்னால் நாலைந்து நெளிவு.
பதினேழு நாள்.
தறியைத் திட்டினேன், மோட்டாரைத் திட்டினேன்,
கிட்டுசாமியிடமே போய்
ராத்திரி ஒரு மணிநேரம் நிறுத்த முடியுமா என்றேன்.
"நிறுத்தலாமுங்க மேடம், கூலிய நீங்க குடுத்துருங்க."

செவ்வாய் பொழுதோட கரண்ட் போனது.
இருபத்துநாலும் ஒரே மூச்சில் ஊமை.
யுபிஎஸ்ஸில் என் பலகையும் ஆஸிலாஸ்கோப்பும் மட்டும்
விழித்திருந்தன. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நெளிவு அங்கேயே இருந்தது,
முன்னைவிடத் தெளிவாக.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தேன்.
எமிட்டர் கால் பலகையில் உட்காராமல்
ஒரு நெல்மணி உயரத்துக்கு
எக்கி நின்றிருந்தது.
நான் வைத்த கால்.
இன்னும் சூடாறாத அயர்னால் ஈயத்தை இளக்கி
நகத்தால் அழுத்தினேன். நகம் சுட்டது.

விளக்கு வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக,
பிறகு எல்லாம் சேர்ந்து, கட்டடம் முழுக்க.
அந்த இரைச்சலுக்கு நடுவே திரையில் ஒரே ஒரு குத்து,
இருபுறமும் வெறும் தரை.

படிக்கட்டிலிருந்து கிட்டுசாமி கத்தினார்:
"மேல வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க."

அவர் கேட்டது கரண்டை.