பதினாறு அரோபா

ஊரின் மாட்டுத் தராசு என் பொறுப்பு.
செவ்வாய், வெள்ளி, காலை ஆறு முதல் பதினொன்று வரை.
கன்றுகள், காளைகள், ஒருமுறை தேவாலய மணி,
பந்தயத்தில் தோற்ற ஒரு மாப்பிள்ளை.
கல்லை மட்டும் யாரும் கொண்டுவந்ததில்லை.
கல்லின் எடைதான் எல்லோருக்கும் தெரியுமே.

பாஸ்க் மலைகளில் ஊருக்கொரு கல்.
எங்களுடையது கறுப்பு, வாசற்படியருகே கிடக்கும்,
பழைய அளவில் பதினாறு அரோபா,
கிலோவில் நூற்றெண்பத்து நான்கு.

ஆப்பிள் மது பீப்பாய் திறக்கும் இரவெல்லாம்
விடுதியில் ஒரே சண்டை:
பலெந்தினா, எர்ரமுனா, ஓய்ஹானா?

பலெந்தின், முப்பத்தொன்றாம் வருடம்,
பத்து நிமிடத்தில் பதினொரு தூக்கு.
எர்ரமுன், அறுபத்தெட்டில், பதினான்கு.
ஓய்ஹான், போன ஆகஸ்டில், பதினேழு.
"எண்ணத் தெரிந்தவனுக்கு வாதம் எதற்கு?"
என்பான் பெல்ச்சியோர், டயர் கடைக்காரன்,
ஓய்ஹானின் மைத்துனன்.

உடனே மறுபக்கம் கொதிக்கும்.
பலெந்தின் அன்று விடியலில் ஒன்பது மாடு கறந்துவிட்டு வந்தவன்.
தின்றது அவித்த கஷ்கொட்டை.
மார்புக்குத் தோல் கவசம் இல்லை, கைக்குப் பிசின் இல்லை,
கல் விழ மெத்தை இல்லை.
நேரம் பார்த்தது பாதிரியாரின் கடிகாரம்,
பிரசங்கத்தில் நொண்டும், சாப்பாட்டுக்கு முன் ஓடும்.
"அந்தப் பத்து நிமிடம் ஏழாக இருந்திருக்கலாம்."
"பதின்மூன்றாகவும் இருந்திருக்கலாமே."
இந்த இடத்தில் ஒரு கோப்பை உடையும்.

எர்ரமுனுக்காகப் பேச ஆளில்லை.
நடுவில் பிறந்தவனுக்கு அதுதான் கதி,
முன்னவனின் வறுமையும் இல்லை
பின்னவனின் எண்ணிக்கையும் இல்லை.
அவன் மகள் இட்சபெல்
மீனில் முள்ளெடுத்தபடி ஒருமுறை சொன்னாள்:
"அப்பாவுக்கு அன்று காய்ச்சல்."
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பலெந்தினோடு போட்டியிட்ட ஐவரில்
நால்வரைப் போர் தின்றது.
அவர்களில் ஒருவன் இருபது தூக்கியிருப்பானோ?
அந்தக் கேள்வி வந்தால்
பீப்பாய் சொட்டும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

"கல் மாறவில்லையே" என்றுதான் எப்போதும் முடிப்பார்கள்.
ஓட்டக்காரனுக்குத் தடம் மாறிவிட்டது,
சைக்கிள்காரனுக்குச் சக்கரம் மாறிவிட்டது,
பாவம் அவர்கள், எதை வைத்து வாதாடுவார்கள்?
நமக்கு மட்டும் கடவுள்
அசையாத சாட்சியொன்றைக் கொடுத்திருக்கிறார்.

மார்ச்சில் வாசலுக்குப் புதுத் தளம் போட
கல்லை டிராக்டரில் ஏற்றினார்கள்.
வழியில் என் தராசு.
வேடிக்கைக்குத்தான் இறக்கினார்கள்.

நூற்று எழுபத்தொன்பது புள்ளி நான்கு.

தராசைத் திட்டினார்கள்.
முத்திரை எடைகளை வைத்துக் காட்டினேன்.
என்னைத் திட்டினார்கள்.
மூன்று முறை ஏற்றி இறக்கினோம்,
மூன்று முறையும் அதே.

எறும்பு ஊர்ந்தே கல் தேயுமென்றால்
நூறு வருடமாய் வெறுந்தரையில் போட்டவர்கள்,
வயிற்றில் ஏற்றித் தோளில் உருட்டியவர்கள்,
விளிம்பைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்ட பொடியன்கள்…

பெல்ச்சியோரின் முகம் வெளுத்தது.
"பலெந்தின் தூக்கியது முழுக் கல்!" என்று ஒருவன் குதித்தான்.
"மெத்தையில்லாமல் போட்டு உடைத்தவனும் அவன்தானே!"
எர்ரமுன் எந்த எடையைத் தூக்கினான்?
இட்சபெல் கேட்டாள். நான் என்ன சொல்ல,
அந்த வருடம் யாரும் நிறுக்கவில்லை.

ஓய்ஹான் வாயே திறக்கவில்லை.
மறுநாள் தனியாக,
குறைந்த எடைக்குச் சரியாகக் கறுப்பு அவரையைப் பையிலிட்டுக்
கல்லோடு கட்டித் தூக்கிப் பார்த்தானாம்.
இரண்டாம் தூக்கில் பை கிழிந்து
தெருவெல்லாம் அவரையாம்.
அது ஒன்றா, இரண்டா என்று
இன்னும் பேசுகிறார்கள்.

அன்று டிராக்டர் போன பிறகு
தராசுத் தட்டில் ஒரு சிட்டிகைக் கறுப்புத் தூள் கிடந்தது.
துடைக்கத் துணியெடுத்தேன்.
அதற்குள் கன்றோடு ஒருவன் வந்துவிட்டான்.
நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று எழுதிக் கொடுத்தேன்,
தூளையும் சேர்த்து.