வெள்ளிக்கு ஆகாது

செவ்வாய்ப்பேட்டையில் என் பார்லர் மாடியில் இருக்கிறது.
பதினோரு படி.
அதில் இரண்டு இடத்தில் நின்று
யுவஸ்ரீ மூச்சு வாங்கியது மாசி மாதம்.
கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கொலுசுப் பட்டறையில் மணி பற்றவைப்பவள்.
பர்னர் முன்னால் நாளெல்லாம் குனிந்து குனிந்து
முகம் வெந்து கறுத்துவிட்டதென்று
ஐப்பசியில் நிச்சயத்தன்று
மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னார்களாம்.
யாரென்று அவள் சொல்லவில்லை.
'பங்குனிக்குள்ள ஏதாவது பண்ணுங்கக்கா' என்றாள்.

பண்ணினேன்.
நானூற்று எண்பது ரூபாய் டப்பா.
சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரும்.
கம்பெனிப் பெயரில் ஒவ்வொரு முறையும்
ஓர் எழுத்து மாறியிருக்கும்.
எனக்கு நூற்றைம்பது நின்றது.

வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும்.
கார்த்திகை தீபத்துக்குள்
கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே கோடு விழுந்தது,
முகத்தை மட்டும் யாரிடமோ
இரவல் வாங்கி வந்தவள் போல.
சிரித்தாள்.
படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தேன்.
ஒன்பது பேர் கேட்டார்கள்.
ஒன்பது பேருக்கும் கொடுத்தேன்.

பிறகு பாதம் வீங்கியது.
ஊர்க் கால்களுக்கெல்லாம் மணி வைத்தவளுக்குத்
தன் கொலுசின் திருகு பூட்டவில்லை.
காலையில் இமை பிரியவில்லை.
சிறுநீரில் நுரை, துணி ஊறிய தண்ணீர் மாதிரி.
பெரியாஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே போனார்களாம்:
சர்க்கரையா, பிரஷரா, வலி மாத்திரையா, நாட்டு மருந்தா.
கடைசியில் பயிற்சி டாக்டர் ஒருத்தி,
இவள் வயதுதான் இருக்கும்,
'முகத்துக்கு என்ன போடுறீங்க?' என்றாளாம்.

அண்ணன் மாதேசன் டப்பாவோடு படியேறி வந்தான்.
சத்தம் போடுவான் என்று
ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன்.
அவன் டியூப்லைட்டுக்கு அடியில் அதைப் பிடித்து
பொடி எழுத்தைக் கறுத்த நகத்தால்
தொட்டுத் தொட்டுக் கூட்டிப் படித்தான்.
தங்கம், வெள்ளி, அலுமினியத்தில்
படாமல் பார்த்துக்கொள்ளவும்.

'வெள்ளிக்கு ஆகாதுன்னு போட்டிருக்குக்கா.
தோலைப் பத்தி ஒண்ணும் போடலையே.'

வெள்ளிக்காரனுக்கு நான் என்ன சொல்ல,
வெள்ளியைத் தின்பது எதுவென்று?
பாதரசம்.
என் கடைக் கண்ணாடிக்கு ஓரத்தில் ரசம் போய்விட்டது.
உட்காருகிற எல்லோருக்கும்
காதருகே ஒரு தேமல் காட்டும்.
அதன் முதுகில் இருக்க வேண்டியதை எடுத்து
எதிரில் உட்கார்ந்தவளுக்குப் பூசியிருக்கிறேன்.

ஒன்பது பேருக்கும் போன் போட்டேன்.
நான்கு பேர் எடுத்தார்கள்.
இரண்டு பேர் நிறுத்திவிட்டோம் என்றார்கள்.
ஒருத்தி, 'விலை ஏத்தப் போறீங்களா?' என்றாள்.
இன்னொருத்தி
இருக்கிற டப்பாவைத் தனக்கே தரச் சொன்னாள்.

அலமாரியை இறக்கினேன்.
இருபத்து மூன்று டப்பா.
கண்ணில் நீர் வரவழைக்கும் ஸ்ட்ரெய்ட்னிங் லோஷன்.
ஐந்தே நிமிடத்தில் கறுப்பாய்ப் பிடிக்கும் மருதாணிக் கோன்,
அதுவும்.
மிஞ்சியது கத்தரி, சீப்பு, நூல்கண்டு,
கால் பாட்டில் தேங்காயெண்ணெய்.
அந்த மாத வாடகைக்கு வளையலை வைத்தேன்.

ஆவணியில் யுவஸ்ரீ வந்தாள்.
படியில் நிற்கவில்லை, காது கொடுத்துக் கேட்டிருந்தேன்.
நுரை குறைந்துவிட்டதாம், மாத்திரை இன்னும் உண்டாம்.
கோடு மறைந்து, கழுத்தின் நிறமே
நெற்றி வரை ஏறியிருந்தது.
கல்யாணம் நின்றுவிட்டது.
நிறுத்தியது யாரென்று இந்த முறையும் சொல்லவில்லை.
'புருவம் மட்டும்' என்றாள்.
நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக் குனிந்தேன்.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்,
என் கைக்கு அடியில்.

சாக்கு இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.
சாக்கடையில் கொட்டினால் திருமணிமுத்தாற்றுக்குப் போகும்.
எரித்தால் தெருவே மூச்சில் இழுக்கும்.
காலை ஆறரைக்குக் குப்பை வண்டி விசில் அடிக்கிறது.
வண்டிக்காரப் பெண் பச்சைத் தொட்டியையும்
நீலத் தொட்டியையும் காட்டி
'மக்குமா, மக்காதா?' என்கிறாள்.

நாளைக்குத் தருகிறேன் என்று
தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.