வீடு தள்ளியவர் முதுகு

சீலோவே தீவில்
வீடு மாறுவதென்றால் வீடேதான் மாறும்.
அடியில் உருட்டுக்கட்டை, முன்னால் எட்டு எருது,
பின்னால் ஊர்.
அப்படி ஒரு ஞாயிறு
ரோசாமெல் சிகுவாய் தோள் கொடுத்தபோது
வீடு ஒரு சாண் நகர்ந்தது.
அவர் நகரவில்லை.

திங்கள் காலை மழையோடு வந்தார்.
உட்கார மறுத்து
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
"படம் எடுக்க எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்றார்,
கடையில் கால் கிலோ ஆணி கேட்பதுபோல.
மச்சானுக்கு எடுத்தார்களாம்.
உள்ளே எது கெட்டதென்று
கறுப்பு வெள்ளையில் காட்டினார்களாம்.

காய்ச்சல்?
காரணமில்லாமல் எடை இறங்கியதா?
எப்போதாவது புற்று?
கால் மரத்துப்போகிறதா?
சிறுநீர் தடையில்லாமல் போகிறதா?
கட்டைவிரலால் என் கையைத் தள்ளுங்கள்.
தள்ளினார். தோற்றது என் கை.
ஒவ்வொன்றாக அவர் நல்ல பதில் சொல்லச் சொல்ல
எனக்கு நிம்மதி ஏறியது,
அவருக்குக் கோபம்.

ஆறு வாரம் பார்ப்போம், என்றேன்.
படுத்தே கிடக்காதீர்கள், நடங்கள்.
மாத்திரை இது. சிறுநீர் நின்றாலோ
கால் தளர்ந்தாலோ
நடு இரவானாலும் கதவைத் தட்டுங்கள்.

"பணம் இருப்பவனுக்குப் படம்,
எங்களுக்கு நாள்காட்டி."

என்னிடம் இருந்தது பாதிப் பதில்தான்.
மறு பாதியில் அவர் சொன்னதே உண்மை.

இழுப்பறையில் ஒரு படம் வைத்திருக்கிறேன்.
வால்திவியாவில் படித்தபோது
புது இயந்திரத்தைச் சோதிக்க ஆள் தேடினார்கள்.
இருபத்தாறு வயது, போய்ப் படுத்தேன்.
இடுப்பருகே இரண்டு வட்டுகள் பிதுங்கி,
ஒன்று வற்றிக் கறுத்து.
அன்று மாலை கூடைப்பந்து ஆடினேன்,
தோற்றோம், அதற்குக் காரணம் முதுகல்ல.

சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.
"யார் பாவம் இது?"
"உங்கள் முன்னால் நிற்கிறவள்."
சிரிக்கவில்லை.
ஆனால் உட்கார்ந்தார், மெல்ல,
ஒரு கையை நாற்காலிக்கு முன்னனுப்பி.

அதன் பிறகு எத்தனை இரவு
கூரைத் தகரத்தில் மழை அடிக்க
விழித்துக்கொண்டு கிடந்தேன்:
தொட்டுப் பார்த்தேனா எல்லா இடமும்?
கேட்டேனா எல்லாம்?
இருமுறை தொலைபேசினேன்.
இருமுறையும் எடுத்தவர் மனைவி:
"திட்டிக்கொண்டே நடக்கிறார்."

நான்காம் வாரம், வியாழன்.
சிப்பி ஆலையிலிருந்து எதுலியா நவுவெல்கின்
மகனின் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தாள்.
வாங்கிக்கொண்டு, கதவில் கை வைத்து,
"முதுகு எப்போதும் உள்ளதுதான், அதை விடுங்கள்.
நேற்றிலிருந்து படகில் உட்கார்ந்தால்
கீழே பலகை இருப்பதே தெரியவில்லை,
வேடிக்கையாக இருக்கிறது" என்றாள்.

கதவைச் சாத்தினேன்.
கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய்?
யோசித்தாள்.
"விடிந்ததிலிருந்து இல்லை. குளிர் என்று நினைத்தேன்."

படம் என்ற சொல்லையே அவள் உச்சரிக்கவில்லை.
நான்தான் தொலைபேசியில் கத்தினேன்.
கால்வாய்ப் படகைப் பதினோரு நிமிடம் நிறுத்தி வைத்தார்கள்.
லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.
புவேர்த்தோ மோன்ட்டில் இரவு ஒன்பதே முக்காலுக்கு
அந்த வெள்ளைக் குழாய்க்குள் போனாள்.
நரம்புக் கற்றையை நெரித்துக்கொண்டிருந்தது
ஒரு துண்டு வட்டு.
விடியுமுன் எடுத்துவிட்டார்கள்.

இப்போது நடக்கிறாள்.
வலது பாதம் சற்றே இழுபடுகிறது.
ஒரு நாள் முன்னால் வந்திருந்தால்
என்று அவளிடம் சொல்லவில்லை,
என்னிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ரோசாமெல் ஆறாம் வாரம் வரவில்லை.
கரையோரம் பார்த்தேன்:
இடம் மாறிய வீட்டின் புகைபோக்கியில் புகை,
வாசலில் அவர்,
உருளைக்கிழங்கு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடி.
முதுகு? என்று சைகையால் கேட்டேன்.

சட்டையைத் தூக்கிக் காட்டினார்:
மனைவி பின்னிய ஆட்டுரோமப் பட்டை.
"இதுதான் குணமாக்கியது, டாக்டர்.
உங்கள் மாத்திரை இல்லை, படமும் இல்லை."

மூட்டையின் மறுமுனை
தரையில் கிடந்தது.
போய்ப் பிடித்தேன்.